மாம்பலம் அத்தையும் டெவன்ஷயர் பிரபுவும்

ஆங்கில நாவல் படிக்கிற பழக்கம் எனக்குக் கல்லூரி நாளிலிருந்து உண்டு. புரிந்து படிக்கிற பழக்கம் பின்னால்தான் வந்தது. முதல் அத்தியாயத்தில் ஹென்றி என்று ஒருவர் வருவார். இரண்டாவதில் அவரையே ஏதோ ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். மூன்றாவதில் அவருக்கு ஒரு குடும்பப் பெயர் முளைக்கும். நான் மூன்று ஆசாமிகள் என்று நினைத்து, மூவருக்கும் தனித்தனியாக மீசை வைத்து மனசுக்குள் உட்கார்த்தி வைத்திருப்பேன். நடுவில் ஹென்றி செத்துப்போவார். மற்ற இரண்டு பேரும் துக்கம் கேட்கக்கூட வரவில்லையே என்று கடைசிப் பக்கம் வரை எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஷேக்ஸ்பியர் இன்னும் மோசம். அவருடைய சரித்திர நாடகங்களில் மனிதர்களே கிடையாது, ஊர்கள்தான். யார்க் கோபிக்கும், க்ளாஸ்டர் சதி செய்யும், வாரிக் கட்சி மாறும். ரோஜாப் போர் என்றால் யார்க் ஊர்க்காரர்களுக்கும் லங்காஸ்டர் ஊர்க்காரர்களுக்கும் வாய்க்கால் தகராறு என்றுதான் வகுப்பில் பாதிப் பேர் எழுதினோம், மார்க்கும் போட்டார்கள். உண்மையில் 1461-ல் அந்தப் போரின் மிகப் பெரிய சண்டை நடந்த டவ்டன் கிராமம் யார்க்ஷயரில்தான் இருக்கிறது. அன்றைக்கு யார்க்ஷயர்ப் பெரிய மனிதர்களில் பலர் நின்றதோ லங்காஸ்டர் பக்கம். யார்க் என்பது ஊர் இல்லை, ஓர் ஆளின் பட்டம். அந்த ஆளுக்கும் அந்த ஊருக்கும் போக்குவரத்து இருந்தே தீரவேண்டும் என்று சட்டம் ஒன்றுமில்லை.

இத்தனைக்கும் நான் வேலை பார்த்தது தபால் இலாகாவில். உறையில் ஊர்ப் பெயரைக் கண் பார்ப்பதற்குள் கை சரியான பையில் போட்டுவிடும். அப்பேர்ப்பட்டவனையே பிரபுக்கள் முகவரி தெரியாமல் அலையவிட்டார்கள் என்றால் பாருங்கள். விடுவேனா? ஓய்வு பெற்றதும் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதைச் சொல்ல ஆள் வேண்டுமே? அதற்குத்தான் குடும்பம் என்று ஒன்று இருக்கிறது.

சந்தர்ப்பம் ‘டவுன்டன் அபி’ தொடர் வடிவில் வந்தது. மகள் அவளுடைய கணக்கில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போக, என் மனைவி அவரைக்காய்க்கு நார் உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, இந்த ராபர்ட் கிராலிதானே கிராந்தம் பிரபு?”

“ஆமாம். ஏர்ல் ஆஃப் கிராந்தம்.” தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

“கிராந்தம் எங்க இருக்கு?”

“லிங்கன்ஷயர்ல. மார்கரெட் தாட்சர் பிறந்த ஊர்.”

“இவங்க வீடு?”

“கதைப்படி யார்க்ஷயர்ல.”

“படம் பிடிச்சது?”

“ஹாம்ப்ஷயர்ல. ஹைகிளியர் மாளிகைன்னு பேரு.”

“அது யாரோடது?”

“கார்னார்வன் பிரபுவோடது.”

“கார்னார்வன் ஹாம்ப்ஷயர்லயா இருக்கு?”

“இல்ல, அது வேல்ஸ்ல.”

நார் உரிக்கிற கை நின்றது. இதுதான் சமயம் என்று நான் நார்மானியர் படையெடுப்பில் ஆரம்பித்தேன். 1066, வில்லியம், நிலமானிய முறை என்று வரிசையாகக் கொண்டுவந்து, துட்டன்காமன் கல்லறையைத் தோண்டப் பணம் கொடுத்த ஐந்தாவது கார்னார்வன் பிரபு வேல்ஸ் ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு ஹாம்ப்ஷயரில் குடியிருந்து 1922-ல் எகிப்துக்கு ஓடிய கதையை எடுத்தபோது அவள் குறுக்கிட்டாள்.

“நம்ம மாம்பலம் அத்தை மாதிரின்னு சொல்லிட்டுப் போங்களேன். இதுக்கு ஏன் இவ்வளவு மூச்சு வாங்குறீங்க?”

எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்ததில் கோபம் அதிகமாயிற்று, ஏனென்றால் அவள் சொன்னது சரி.

மாம்பலம் அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணமான புதிதில் மேற்கு மாம்பலத்தில் ஒண்டுக்குடித்தனம். அங்கிருந்து தாம்பரம், தாம்பரத்திலிருந்து மகனோடு ஓசூர். மாம்பலத்தில் அவருக்கு ஒரு செங்கல் கிடையாது. மாம்பலத்துக்கும் அவரைத் தெரியாது. ஆனாலும் கல்யாணப் பத்திரிகை வைக்கிற பட்டியலில் இன்றைக்கும் ‘மாம்பலம் அத்தை’தான். ஓசூர் அத்தை என்று மாற்றலாமென்றால், ஓசூரில் ஏற்கெனவே என் பெரியம்மா மகள் ஒருத்தி குடியிருந்து அந்தப் பட்டத்தை வாங்கிவிட்டாள்.

டெவன்ஷயர் பிரபுக்களின் கதையும் இதேதான். கேவண்டிஷ் குடும்பம். 1618-ல் ஏர்ல், 1694-ல் டியூக். அவர்களுடைய சாட்ஸ்வொர்த் மாளிகை டார்பிஷயரில் இருக்கிறது. டெவனோ நாட்டின் தென்மேற்கு மூலையில், எங்கேயோ. டார்பி என்ற பட்டத்தை வாங்கிக்கொள்ளக் கூடாதா என்றால், அது 1485 முதல் ஸ்டான்லி குடும்பத்தின் கையில். அந்த ஸ்டான்லிகளாவது டார்பியில் இருக்கிறார்களா? லிவர்பூல் பக்கத்தில் நோஸ்லி என்ற இடத்தில் இருக்கிறார்கள். அவர்கள் பெயரில் 1780-ல் தொடங்கிய டார்பி குதிரைப் பந்தயம் ஓடுவது சர்ரேயில். டார்பி என்று எழுதவேண்டிய இடத்தில் எழுத்தர் எவரோ கைதவறி டெவன் என்று எழுதிவிட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. எழுத்தர்கள் மேல் பழி போடுவது எல்லா நாட்டிலும் உண்டு என்பதைத் தவிர, அந்தக் கதையில் எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. டார்பிதான் காலியாகவே இல்லையே!

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. டெவன் ஏர்ல் என்ற பட்டம் கோர்ட்னி குடும்பத்துடையது. 1556-ல் வாரிசில்லாமல் முடிந்துவிட்டது என்று எல்லோரும் கைகழுவிவிட்டார்கள். 1831-ல் பிரபுக்கள் சபை காகிதங்களைப் புரட்டிப் பார்த்து, முடியவே இல்லை, இத்தனை காலமும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது என்று தீர்ப்புச் சொன்னது. 275 வருஷத் தூக்கம்! எங்கள் வீட்டில் மத்தியானம் இருபது நிமிஷம் கண்ணயர்ந்தாலே எழுப்பி ரேஷன் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆக, இப்போது டெவன் பிரபு என்றும் ஒருவர் உண்டு, டெவன்ஷயர் பிரபு என்றும் ஒருவர் உண்டு. கோர்ட்னிகள் டெவனிலேயே, பவுடராம் கோட்டையில் இருக்கிறார்கள். விதிவிலக்கு என்று ஒன்று வேண்டாமா?

“பசங்களுக்கு?” என்றாள் மனைவி.

“மூத்த மகனுக்கு அப்பாவோட ரெண்டாவது பட்டம். டெவன்ஷயர் டியூக்கோட மூத்த மகன் ஹார்டிங்டன் மார்க்விஸ். அவரோட மூத்த மகன் பர்லிங்டன் ஏர்ல். எல்லாம் மரியாதைக்கு.”

“அத்தை மகனை மாம்பலத்துப் பையன்னு சொல்றோமே, அதான். அவன் பொறந்தது தாம்பரம்.”

இப்படியே போனால் எனக்கு வேலை இருக்காது என்று தோன்றியது. பட்டங்களின் வரிசைக்குத் தாவினேன். மேலிருந்து கீழே டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுன்ட், பேரன். “பேரன் கடைசியிலதான் வரணும், சரிதான்” என்றாள். இதில் ஏர்ல்தான் மிகப் பழையது. டியூக் என்ற பட்டம் இங்கிலாந்தில் 1337-ல்தான் வந்தது. மூன்றாம் எட்வர்ட் மன்னர் தன் ஆறு வயது மகனைக் கார்ன்வால் டியூக் ஆக்கினார். ஏர்ல் மனைவிக்குக் கவுன்டஸ் என்று பெயர், ஏர்லுக்குப் பெண்பால் கிடையாது.

பெண்கள் கதையில்தான் சுவாரசியம். ஏர்ல் மகள் என்றால் ‘லேடி’க்குப் பின்னால் அவளுடைய சொந்தப் பெயர் வரும், லேடி மேரி என்று. சர் பட்டம் வாங்கியவரின் மனைவி என்றால் லேடிக்குப் பின்னால் குடும்பப் பெயர். டியூக்கின் இளைய மகனுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கோ இரண்டும் இல்லை. டாரதி செயர்ஸ் எழுதிய துப்பறியும் நாவல்களில் வரும் லார்டு பீட்டர் விம்சி ஒரு டியூக்கின் இளைய மகன். அவர் கட்டிக்கொள்ளும் ஹேரியட், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவள், சொந்தமாக நாவல் எழுதிச் சம்பாதித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் ‘லேடி பீட்டர்’. என் பாட்டி சாகிறவரை தாத்தா பெயரை வாயால் சொன்னதில்லை. முருகன் கோயில் அர்ச்சனையில்கூட “அவங்க பேருக்கு” என்பார். இங்கிலாந்தில் பிறந்திருந்தால் அந்தப் பெயரையே நெற்றியில் ஒட்டிக்கொண்டு அலைந்திருப்பார். என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, தன் முன்னால் என் பெயரை ஒருமுறை வைத்துச் சொல்லிப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

‘சர்’ பட்டத்துக்கும் ஒரு விதி. சொந்தப் பெயரோடுதான் சேர்க்க வேண்டும். பாஸ்கர்வில் நாவலில் வருபவர் சர் ஹென்றி, ஒருக்காலும் சர் பாஸ்கர்வில் இல்லை. வெள்ளைக்காரர்களுக்கு முதலில் நிற்பது சொந்தப் பெயர், அதனால் சிக்கலில்லை. நம்மவர்களுக்கு முன்னால் நிற்பது அப்பா. 1929-ல் சி.வி. ராமனுக்குப் பட்டம் வந்தபோது, அந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தால் சர் சந்திரசேகர் ஆகி, பட்டம் நேராக அவர் அப்பாவுக்குப் போயிருக்கும். நல்லவேளை, சர் சி.வி. ராமன் என்று எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னார்கள். எனக்கு இந்தத் தொல்லை இல்லை. இலாகாவில் முப்பது சொச்சம் வருஷம் ‘சார்’ என்று கூப்பிட்டார்கள். பட்டம் வாங்கியவர்களுக்குப் பெயருக்கு முன்னால், எனக்குப் பெயருக்குப் பின்னால், அவ்வளவுதான் வித்தியாசம்.

சர் ஹென்றி பாஸ்கர்வில் பேரனெட் வகை. அப்பாவுக்குப் பிறகு மகனுக்கு வரும், ஆனால் பிரபுக்கள் சபையில் இடம் கிடையாது. முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1611-ல் கஜானா காலியானபோது கண்டுபிடித்த பட்டம் இது. விலை 1,095 பவுன். அயர்லாந்தில் அல்ஸ்டர் பகுதிக்கு முப்பது சிப்பாய்களை மூன்று வருஷம் வைத்துக் காப்பாற்றும் செலவு, ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு பென்னி. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன்: நாளுக்குச் சரியாக ஒரு பவுன், வருஷத்துக்கு 365, மூன்று வருஷத்துக்கு 1,095.

“மொத்தமா கட்டணுமா, இ.எம்.ஐ. உண்டா?”

“மூணு வருஷத் தவணை.”

“பரவாயில்லையே” என்றாள். மன்னர்களைப் பற்றி அவள் நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

எங்கள் வீடு இருப்பது பக்கிங்காம் கால்வாய் ஓரம். இதை நான் வெளியூர் நண்பர்களுக்கு எழுதும்போது ‘கால்வாய்’ என்ற சொல்லைக் கொஞ்சம் சின்னதாக எழுதுவதுண்டு. கால்வாய்க்குப் பெயர் கொடுத்தவர் மூன்றாவது பக்கிங்காம் டியூக். 1875 முதல் 1880 வரை சென்னை ராஜதானியின் கவர்னர். குடும்பப் பெயர் டெம்பிள்-நியூஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில். ஐந்தும் ஒருவருக்கே. தபால் இலாகாவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மணியார்டர் பாரத்தில் அது கொள்ளாது. தாதுவருஷப் பஞ்சத்தில் மக்கள் லட்சக்கணக்கில் மாண்டுகொண்டிருந்தபோது, கூலி கொடுப்பதற்காக அடையாற்றையும் கூவத்தையும் சேர்த்து வெட்டிய துண்டு இது. அதோடு கால்வாய் முழுவதற்குமே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த டியூக்கின் அப்பா, இரண்டாவது டியூக், வாங்கிய கடன் பத்து லட்சம் பவுனைத் தாண்டியது. 1848-ல் அவருடைய ஸ்டோ மாளிகைச் சாமான்களை நாற்பது நாள் ஏலம் போட்டார்கள். மகன் பொறுப்பானவர், ரயில்வே கம்பெனிக்குத் தலைவராக இருந்து வேலை பார்த்தவர். ஆண் வாரிசில்லாமல் 1889-ல் இறந்தார், டியூக் பட்டம் அவரோடு போயிற்று. லண்டன் பக்கிங்காம் அரண்மனைக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது 1703-ல் ஜான் ஷெஃபீல்டு என்ற வேறு குடும்பத்துப் பக்கிங்காம் டியூக் கட்டிய வீடு. 1761-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வாங்கிக்கொண்டார். ஆக, ராஜாவும் என் வீட்டுக் கொசுக்களும் ஒரே ஊரின் பெயரில் குடியிருக்கிறார்கள். அந்த ஊரில் இரண்டு பேருமே இல்லை.

குடியிருப்பின் பெயரைச் சொல்லவில்லையே. பில்டர் வைத்த பெயர் ‘பெல்வாய்ர் என்கிளேவ்’. லெஸ்டர்ஷயரில் ரட்லண்டு டியூக்கின் கோட்டைப் பெயர் அது. ரட்லண்டு டியூக் ரட்லண்டில் இல்லை என்பது இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். ரட்லண்டு என்ற குட்டி மாவட்டத்தையே 1974-ல் பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்துவிட்டு, 1997-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த இடைக்காலத்திலும் டியூக் டியூக்காகவே இருந்தார். பெல்வாய்ர் என்பது நார்மானியர் கொண்டுவந்த பிரெஞ்சுச் சொல், அழகிய காட்சி என்று அர்த்தம். எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் கால்வாய்.

இங்கிலீஷ்காரர்கள் அதை பெல்வாய்ர் என்று சொல்வதில்லை. ‘பீவர்’ என்பார்கள். எழுதுவதில் பாதியை விழுங்கிவிடுவது அவர்கள் பரம்பரைக் குணம். ஆனிக், லெஸ்டர், ஊஸ்டர் என்று நாம் கேட்பதையெல்லாம் காகிதத்தில் பார்த்தால் அடையாளம் தெரியாது. ‘சம்லி’ என்று சொல்லும் ஒரு குடும்பப் பெயரை எழுதுகிறபோது பன்னிரண்டு எழுத்து வரும். இதைப் படித்ததிலிருந்து நான் எங்கள் குடியிருப்பைப் பீவர் என்றே சொல்லிவருகிறேன். சரியானதைச் சொல்ல யாராவது ஒருவர் இருக்க வேண்டுமல்லவா?

“சார், பெல்வாய்ர் என்கிளேவ்னு காட்டுது, எங்க சார் இருக்கு?” டெலிவரி தம்பி போனில்.

“பீவர்னு கேளுப்பா. யாரும் சொல்வாங்க.”

“ஃபீவரா சார்?”

“ஆமாம்ப்பா, பீவர்.”

“சரி சார், உடம்பைப் பாத்துக்குங்க. கேட்லயே வெச்சிட்டுப் போயிடறேன்.”

வாட்ச்மேன் மூலமாக இரவுக்குள் செய்தி நாலு மாடிக்கும் பரவி, மூன்றாவது மாடி அம்மாள் ரசம் கொடுத்தனுப்பினார். நல்ல ரசம். நான் மறுக்கவில்லை.

பட்டத்துக்கு ஊர் தேடுவதில் நாவலாசிரியர்களும் மன்னர்களும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டிருக்கிறார்கள். கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்வது. ஆர்தர் வெல்லஸ்லி 1809-ல் ஸ்பெயினில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வைகவுன்ட் பட்டம் கொடுக்கிறோம், எந்த ஊர்ப் பெயர் வேண்டும் என்று லண்டனில் கேட்டார்கள். ஆள் ஊரில் இல்லாததால் அண்ணன் வில்லியம் பார்த்து, வெல்லஸ்லிக்குக் கிட்டத்தில் ஒலிக்கிறதே என்று சாமர்செட்டில் வெலிங்டன் என்ற ஊரை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெயர் நியூசிலாந்தின் தலைநகரமாயிற்று, நம் நீலகிரியில் ராணுவ முகாமாயிற்று, மழைக்காலக் காலணியும் ஆயிற்று.

வுட்ஹவுஸ் செய்தது அதைவிட எளிது. எழுத ஆரம்பித்த காலத்தில் அவர் ஹாம்ப்ஷயர்க் கடலோரத்தில் எம்ஸ்வொர்த் என்ற ஊரில், த்ரீப்வுட் என்ற வீட்டில் இருந்தார். 1915-ல் பிளாண்டிங்ஸ் கோட்டைக் கதைகள் தொடங்கியபோது கோட்டைக்காரர் எம்ஸ்வொர்த் பிரபு, அவர் குடும்பப் பெயர் த்ரீப்வுட். மூத்த மகனுக்குப் பக்கத்து ஊரான பாசம், தங்கைக்கு இன்னொரு பக்கத்து ஊரான வார்ப்ளிங்டன். மனுஷர் மேற்கு மாம்பலத்தில் வாடகைக்கு இருந்திருந்தால் மாம்பலம் பிரபு, மூத்த மகன் சைதாப்பேட்டைப் பிரபு, தங்கை லேடி கோடம்பாக்கம் என்று போயிருக்கும். எம்ஸ்வொர்த் பிரபுவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சொந்தக் கோட்டையில் ஒரு வார்த்தை செல்லாது, தங்கை கான்ஸ்டன்ஸ் வைத்ததுதான் சட்டம், பாவம் பன்றித் தொழுவத்தில் போய் நின்றுகொண்டிருப்பார். எங்கள் குடியிருப்பில் வளர்ப்புப் பிராணிக்கு அனுமதி இல்லை.

டிராலப் ஊரைக்கூடக் கடன் வாங்கவில்லை. பார்செட்ஷயர் என்று ஒரு மாவட்டத்தையே உண்டாக்கி, அதற்குள் ஆம்னியம் டியூக் என்று ஒருவரை வைத்தார். லத்தீனில் ‘எல்லாவற்றுக்கும்’ டியூக். டிராலப்பும் தபால் இலாகா ஊழியர். குதிரைமேல் ஊர் ஊராகப் போய் வேலை பார்த்துக்கொண்டே எழுதி, மொத்தம் 47 நாவல் முடித்தார். நானும் அதே இலாகாதான். என் கையெழுத்தில் வெளிவந்தவை விடுப்பு விண்ணப்பங்கள். அவற்றிலும் கற்பனைக்குக் குறைவில்லை என்று மேலதிகாரி ஒருவர் பாராட்டியிருக்கிறார்.

எல்லாவற்றிலும் எனக்கு வேடிக்கையாகப் படுவது வெசெக்ஸ். ஆல்ஃபிரட் மன்னர் ஆண்ட பழைய ராஜ்யம். 1066-க்குப் பிறகு மெல்ல மறைந்தே போயிற்று. எட்டு நூற்றாண்டு கழித்து தாமஸ் ஹார்டி தன் நாவல்களுக்காக அந்தப் பெயரைத் தோண்டி எடுத்தார். டார்செஸ்டரைக் காஸ்டர்பிரிட்ஜ் ஆக்கினார், ஆக்ஸ்ஃபோர்டைக் கிறிஸ்ட்மின்ஸ்டர் ஆக்கினார். அப்புறம் 1998-ல் ‘ஷேக்ஸ்பியர் இன் லவ்’ படத்தில் வெசெக்ஸ் பிரபு என்று ஒரு வில்லன் வந்தான். ஷேக்ஸ்பியர் காலத்தில் அப்படி ஒரு பட்டமே இல்லை. அடுத்த வருஷம் எலிசபெத் ராணியின் இளைய மகன் எட்வர்டுக்குக் கல்யாணம். என்ன பட்டம் எடுத்துக்கொண்டார் தெரியுமா? வெசெக்ஸ் ஏர்ல். படம் பார்த்துப் பிடித்துப்போய்க் கேட்டு வாங்கினார் என்று லண்டன் பத்திரிகைகள் எழுதின. சினிமா பார்த்துக் குழந்தைக்குப் பெயர் வைக்கிற நம் ஊர் ஜனங்களை இனிமேல் யாரும் கேலி செய்யக் கூடாது. 2023-ல் அவர் எடின்பரோ டியூக் ஆகிவிட்டார்.

ஹார்டியின் டெஸ் நாவலில், ஏழை ஜான் டர்பிஃபீல்டிடம் ஒரு பாதிரியார் வழியில் பார்த்து, நீ பழைய பிரபு வம்சமான டர்பர்வில்லின் வாரிசு என்று சொல்லித் தொலைக்கிறார். ஜான் அந்த இடத்திலேயே புல்லில் படுத்துக்கொண்டு வண்டி கொண்டுவரச் சொல்கிறார். அதிலிருந்து குடும்பம் விழுகிறது. எங்கள் சித்தப்பா ஒருமுறை, நாமெல்லாம் ஜமீன் வம்சம் என்று என்னிடம் சொன்னார். நான் அன்று சாயங்காலம் மாவு மில்லுக்குப் போகவில்லை. “ஜமீன்ல என்னவா இருந்தாங்களாம்?” என்று மனைவி கேட்டாள். கணக்கெழுதினார்கள் என்று சித்தப்பா அடுத்த முறை போனில் சொன்னதும் மாவு மில்லுக்குக் கிளம்பினேன்.

கடையில் ஊஸ்டர்ஷயர் சாஸ் பாட்டிலைப் பார்த்தால் நான் அப்படியே நின்றுவிடுவேன். 1837 முதல் ஊஸ்டர் நகரத்து மருந்துக்கடைக்காரர்களான லீயும் பெரின்ஸும் விற்கத் தொடங்கிய சரக்கு. வங்காளத்தில் கவர்னராக இருந்த சாண்டிஸ் பிரபு அங்கிருந்து பக்குவம் கொண்டுவந்து அவர்களிடம் செய்யச் சொன்னார் என்று ரொம்ப காலம் கதை சொன்னார்கள். வங்காள கவர்னர்களின் பட்டியலில் சாண்டிஸ் பிரபு என்று எவருமே இல்லை. சாஸ் விற்க ஒரு பிரபு தேவைப்பட்டார், வைத்துக்கொண்டார்கள். இதை நான் கடை நடுவில் விளக்க, மனைவி பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தாள்.

“புளி, நெத்திலி, வெங்காயம், பூண்டு. என்னங்க, பழைய மீன் குழம்புக்கா இந்த விலை?”

வாங்கவில்லை.

க்ளைவ் கதையைச் சொல்லியிருக்கவே கூடாது. அது எனக்கே திரும்பிற்று. சென்னைக் கோட்டையில் எழுத்தராக வந்து சேர்ந்த ராபர்ட் க்ளைவ், பிளாசியில் ஜெயித்து, கோடிகளோடு இங்கிலாந்து போய், பெரிய பட்டம் வருமென்று காத்திருந்தார். 1762-ல் வந்தது அயர்லாந்துப் பட்டம், பிளாசி க்ளைவ் பிரபு. அயர்லாந்துப் பட்டம் என்றால் பெயருக்கு முன்னால் லார்டு போட்டுக்கொள்ளலாம், ஆனால் லண்டன் பிரபுக்கள் சபையில் உட்கார நாற்காலி கிடையாது. க்ளைவ் சாதாரண எம்.பி.யாகவே சாகும்வரை சாமானியர் சபையில் உட்கார்ந்திருந்தார். பட்டத்துக்கு அயர்லாந்தில் ஓர் இடம் வேண்டுமே? அங்கே நிலம் வாங்கி, அதற்கே பிளாசி என்று பெயர் வைத்துவிட்டார். இப்போது லிமரிக் பல்கலைக்கழகம் இருக்கிற இடம் அது. வங்காளத்து மாந்தோப்பின் பெயர் ஐரிஷ் மழையில் நனைந்துகொண்டிருக்கிறது. ரிச்சர்ட் வெல்லஸ்லி, முன்னே சொன்ன ஆர்தரின் மூத்த அண்ணன், 1799-ல் திப்புவை வீழ்த்திய கையோடு இங்கிலீஷ் மார்க்விஸ் பட்டத்தை எதிர்பார்த்தார். வந்ததோ அயர்லாந்து மார்க்விஸ். தங்கமுலாம் பூசிய உருளைக்கிழங்கைக் கொடுத்துவிட்டார்கள் என்று மனம் நொந்து கடிதம் எழுதினார்.

அந்த வாரம்தான் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். செயலாளர் பதவிக்கு என்னைத்தான் போடுவார்கள் என்று இஸ்திரி போட்ட சட்டையில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் லாரிக் கணக்கில் கறாராக இருக்கும் முதல் மாடிப் பெண்ணைச் செயலாளர் ஆக்கினார்கள். என்னை ‘கௌரவ ஆலோசகர்’ என்று அறிவித்துக் கைதட்டினார்கள். ஓட்டு கிடையாது. மோட்டார் அறைச் சாவி கிடையாது. கமிட்டி கூடும்போது அழைத்தால் வரலாம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி துணி உலர்த்திக்கொண்டே கேட்டாள்.

“பட்டம் உண்டு, சபையில நாற்காலி இல்ல. இது அந்த அயர்லாந்துதானே?”

“அப்படிச் சொல்லிட முடியாது. பாமர்ஸ்டன் பிரபுகூட அயர்லாந்து வைகவுன்ட்தான். பிரதம மந்திரியாவே ஆனார்.”

“நீங்க ஆகிறவரைக்கும்?”

“க்ளைவ் மாதிரி ஒரு இடத்துக்குப் பேர் வெச்சுக்கணும். இந்த பால்கனிக்கு பிளாசின்னு ஒரு சின்னப் பலகை—”

“எந்தப் பேர் வேணா வைங்க” என்றாள், கடைசிக் கிளிப்பை மாட்டிவிட்டு. “ஆறு மணிக்கு மழைன்னு சொல்லியிருக்கான். பிளாசியில காயற துணியை அதுக்குள்ள எடுத்து மடிச்சு வெச்சிருங்க.”